பயந்தவன் பித்தனா?

அணுகுண்டுக்கு அஞ்சி ஒருவன் தன் ஆஸ்தியை விற்றுத் தேசாந்தரம் போக விரும்பினால், அவனைத் தடுக்க நியாயஸ்தலத்துக்கு அதிகாரம் உண்டா? சட்டம் பயின்ற நமக்கு இக்கேள்வி விளையாட்டாகத் தோன்றவில்லை. ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1955-ல் எடுத்த ‘இகிமோனோ நோ கிரோகு’ என்னும் படம் இந்த வழக்கைப் பற்றியதே.

அக்காலத்தை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. 1954 மார்ச்சு 1-ந் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் விஷச் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடி கப்பலிலிருந்த 23 பேர்மீது படிந்தது. அவர்களுள் ஒருவர் செப்டம்பரில் மாண்டார். மீன் வாங்கவும் ஜனங்கள் நடுங்கினர்.

படத்தில் வரும் நகாஜிமா, டோக்கியோவில் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை நடத்தும் கிழவர். அவ்வேஷம் பூண்ட தோஷிரோ மிஃபுனேக்கு அப்போது வயது 35தான். மனைவி மக்களோடு ஆசைநாயகிகளையும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளையும் பிரேஸிலுக்கு அழைத்துச் சென்று குடியேறத் துடிக்கிறார் கிழவர். சாவுக்கு அஞ்சவில்லை, கொல்லப்படவே சம்மதமில்லை என்பது அவர் கட்சி. மக்களோ, சொத்தை நிர்வகிக்கத் தகாதவரென்று தீர்ப்பளிக்கக் கோரிக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு சட்ட விஷயம் சொல்லவேண்டும். 1898-ம் ஆண்டுச் சட்டப்படி ஜப்பானில் குடும்பத் தலைவனே வீட்டாரின் வாசஸ்தலத்தை நிர்ணயிப்பான். மறுத்தவனைப் போஷிக்கவும் அவன் கடமைப்பட்டவனல்ல. யுத்தத்துக்குப் பின் 1947-ல் திருத்திய சட்டம் இந்த அதிகாரத்தை ஒழித்தது. குடும்ப நீதிமன்றங்கள் ஏற்பட்டது 1949-ல். கிழவரின் அதட்டல் பழைய சட்டத்தின் குரல். மக்களின் மனு புதிய சட்டத்தின் குரல். பழையது மீளவேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் புதிய நீதிமன்றம் விசாரித்தது செலவுக் கணக்கையே. அவரது பயத்துக்கு முகாந்திரம் உண்டா என்பதை யார் விசாரிப்பது? பயம் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று மக்கள் தள்ளிவிடுகிறார்கள். தீர்ப்பு கிழவருக்கு விரோதமாகிறது. மத்தியஸ்தராக அமர்ந்த ஹராதா என்னும் பல் வைத்தியருக்கு அதன்பின் மனம் ஆறவில்லை.

கிழவரை உத்தமராகக் காட்டவில்லை குரோசாவா. அதனாலேயே இப்படத்தை நாம் உயர்வாக மதிக்கிறோம். பிழைப்பு இங்கே இருக்குமட்டும் எவரும் கிளம்பார் என்றெண்ணித் தம் தொழிற்சாலைக்குத் தாமே தீ வைக்கிறார். எங்கள் சோற்றுக்கு வழியென்ன என்று தொழிலாளிகள் கேட்கும்போதுதான், அவர்களும் தம்மை நம்பி வாழ்ந்த உயிர்கள் என்பது அவருக்கு உறைக்கிறது. மண்டியிட்டு, உங்களையும் அழைத்துப் போகிறேன் என்று கதறுகிறார். பெரிய உண்மையைக் கண்ட கண்ணுக்கு வாசலில் நின்றவர்கள் தெரியவில்லை!

முடிவில் அவர் பைத்திய வைத்தியசாலையில் அடைபடுகிறார். பித்துப் பிடித்தவர் இவரா, இத்தகைய உலகில் அமைதியாய் வாழும் நாமா என்று அங்குள்ள டாக்டரே ஐயுறுகிறார். ஜன்னலில் சூரியனைக் கண்ட கிழவர், பூமி பற்றியெரிகிறதென்று கூவுகிறார். அவரைப் பார்த்துவிட்டு ஹராதா தலைகுனிந்து கீழே இறங்கி வருகிறார். இளைய ஆசைநாயகி, முதுகில் குழந்தையைச் சுமந்துகொண்டு, மேலே ஏறிப் போகிறாள்.