சூட்டை விழுங்கும் தண்ணீர்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எப்போதும் கூட்டம் சேர்க்கிற சோதனை இது. தாளை மடித்துச் சின்னப் பெட்டி செய்து, அதில் தண்ணீர் ஊற்றி, மெழுகுவத்திச் சுடருக்கு மேல் பிடிப்பார்கள். பெட்டியின் அடியில் கரி படியும், தாள் எரியாது. தாள் தீப்பிடிக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. சுடர் தரும் சூட்டையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்கிறது.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது ஒரு நீர் மூலக்கூறு. பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தவே நிறைய வெப்பம் செலவாகிவிடுகிறது. ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு வெப்பம் ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும்.

மே மாத மதியத்தில் மெரினா மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதே வெயிலில் கிடக்கும் கடல் நீரோ இதமாக இருக்கும். சுட்ட நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். சென்னைவாசிகள் தினமும் காத்திருக்கும் கடற்காற்று இதுதான். உள்ளே தள்ளியிருக்கும் வேலூர் வெந்துபோக, அந்தக் காற்று அங்கே எட்டாததும் ஒரு காரணம்.

தண்ணீர் ஆவியாகும்போது இன்னும் பெரிய செலவு. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி போதும். கொதிக்கும் அந்த ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் மெல்ல ஆவியாகி, தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அழகுக்காக வெளியே எனாமல் பெயின்ட் அடித்த பானையில் துளைகள் அடைபட்டுவிடும். பார்க்க அழகு, தண்ணீர் குளிராது. நம் உடலில் வியர்வைக்கும் இதே வேலைதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த நாளில் வியர்வை காயாது. புழுக்கம் பிடுங்கி எடுக்கும்.

குளிரும்போதும் தண்ணீர் வழக்கத்தை மீறும். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீர் 4 டிகிரி வரை சுருங்கி, அதன்பின் விரியத் தொடங்கும். உறைந்தால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடிவிடும், அதனால் பனிக்கட்டி மிதக்கிறது. சைபீரியாவின் பைக்கால் ஏரி குளிர்காலத்தில் மேலே மட்டும் உறைகிறது. கீழே மீன்கள் நீந்துகின்றன. அவற்றைத் தின்னும் சீல்கள் மூச்சுவிடப் பனியில் துளை போட்டு வைத்திருக்கின்றன.

வீட்டிலும் இதைச் சோதிக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, இரவு ஃப்ரீசரில் வைத்தால் காலையில் பனி கோட்டுக்கு மேலே நிற்கும். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம், வெடித்துவிடும்.