திக்கலும் அது மறைக்கும் சொற்களும்

“தங்கள் பெயர் என்ன?” என்று கேட்டேன். எதிரே அமர்ந்திருந்த கல்லூரி மாணவரின் உதடுகள் இறுகின, கண்கள் மூடிக்கொண்டன. அருகிலிருந்த தாயார் உடனே மகனின் பெயரைச் சொல்லிவிட்டார். அன்பினால் செய்த உதவிதான். ஆயினும் அந்த இளைஞர் தலை குனிந்ததைக் கவனித்தேன்.

பின்னர் தனியே பேசியபோது, கல்லூரி உணவகத்தில் தோசை உண்ண விரும்பினாலும் இட்லியே கேட்பதாகக் கூறினார். ‘தோ’ என்ற எழுத்தில் நா நின்றுவிடுமாம். தோசைக்குப் பதில் இட்லி உண்டு. சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது?

ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நீட்டுவது, ஓசை எழாமல் அடைபடுவது ஆகியவை பிறர் காதில் விழும் திக்கல். சொற்களை மாற்றுவது, தொலைபேசி அழைப்பை ஏற்காதிருப்பது, விடை தெரிந்தும் வகுப்பில் கை உயர்த்தாதிருப்பது ஆகியவை எவருக்கும் தெரிவதில்லை. திக்கலையே முற்றிலும் மறைத்து வாழ்வோரும் உளர். அவர்களின் மனக்களைப்பு மிகுதி.

மூளையில் பேச்சின் கால ஒழுங்கை இயக்கும் பகுதிகளின் செயற்பாட்டு வேறுபாடே இதற்கு அடிப்படை, மரபணுக்களுக்கும் பங்குண்டு. பயமோ வளர்ப்போ இதனை உண்டாக்குவதில்லை. நாவில் வசம்பு தேய்ப்பதாலும், நாவின் அடிச்சவ்வை வெட்டுவதாலும் இது தீர்வதில்லை. “பாடும்போது திக்கவில்லையே, நடிக்கிறானா?” என்று வினவும் பெற்றோர் பலர். பாடும்போது திக்காதிருப்பது இயல்பே.

குழந்தைகளில் நூற்றில் ஏறத்தாழ 5 பேருக்கு, பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், திக்கல் தொடங்குகிறது. பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் குடும்பத்தில் எவருக்கேனும் திக்கல் இருப்பின், ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பின், பேசும்போது குழந்தை முகத்தைச் சுளித்துத் திணறுமாயின், காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்து வாருங்கள். பள்ளி செல்லும் முன்னரே தொடங்கும் பயிற்சி நல்ல பலன் தருகிறது.

பெரியவர்களுக்கான பயிற்சியின் நோக்கம் வேறு. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவர் 1926-இல் லயனல் லோக் என்பவரிடம் பேச்சுப் பயிற்சி பெறத் தொடங்கினார். திக்கல் முற்றிலும் அகலவில்லை. எனினும் 1939 செப்டம்பர் 3 அன்று போர் தொடங்கிய செய்தியை ஒட்டி வானொலியில் நாட்டு மக்களிடம் உரையாற்றினார்.

வீட்டார் செய்ய வேண்டியது எளிதாகத் தோன்றும், செய்வது கடினம். “மெதுவாகச் சொல்”, “மூச்சை இழுத்துவிட்டுப் பேசு” என்று கூறாதீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். முகத்தைப் பார்த்தபடி காத்திருந்து, அவர் சொன்ன செய்திக்கு மறுமொழி கூறுங்கள்.

சில மாதங்களுக்குப் பின் அந்த மாணவர் மீண்டும் வந்தார். பெயரைக் கேட்டேன். வெளிவரச் சற்று நேரமாயிற்று. தாயார் விரல்களைக் கோத்தபடி பேசாமல் அமர்ந்திருந்தார். உணவகத்தில் தோசை கேட்டதாகவும், வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்ததாகவும் மாணவர் கூறினார்.

“தோசை வந்ததா?” என்றேன்.

“வந்தது, டாக்டர். ஆறிப்போயிருந்தது.”