கல்லறை இல்லாத புனிதர்

கண்டி நகருக்குத் திருப்பயணமாக வருகின்ற கத்தோலிக்கர் பலர் ஓர் எதிர்பார்ப்போடு வருகின்றனர். கடலோரக் கோவாவில், போம் ஜேசு பேராலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் வெள்ளிப் பேழையில் வைக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அதே கோவா மண்ணில் பிறந்து, கண்டியில் உயிர்நீத்த புனித யோசேப்பு வாஸ் அடிகளாருக்கும் அத்தகைய கல்லறையொன்று இருக்கும் என்று அவர்கள் எண்ணுகின்றனர்.

நோயுற்ற கணவருக்காக நேர்ந்துகொண்டு மன்னாரிலிருந்து கண்டிக்கு வந்த ஒரு தாயும் அவ்வாறே எண்ணியிருந்தார். “சுவாமி, அடிகளாருடைய கல்லறை எங்கே இருக்கிறது? அதைத் தொட்டுச் செபிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்” என்று ஆலய வாசலில் என்னிடம் கேட்டார். கல்லறை இருந்த இடம் இன்று உறுதியாக அறியப்படவில்லை என்று கூறியபோது அவருடைய கண்கள் கலங்கின. “அப்படியானால் நான் வந்தது வீண்தானா?” என்றார்.

அன்பர்களே, கண்டி அடிகளாருக்கும் முதலில் ஏமாற்றத்தையே அளித்தது. 1651ஆம் ஆண்டு பிறந்த அவர், குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி 1687இல் ஏழைக் கூலியாளைப் போல் வேடமிட்டு வந்தார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே விசுவாசிகளை அவர் அடையாளம் கண்டார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர்.

ஒல்லாந்தருக்கு உட்படாத கண்டி அரசில் தடையின்றிப் பணியாற்றலாம் என்ற நம்பிக்கையோடு 1692இல் அவர் மலைநாட்டை அடைந்தார். ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்தது சிறைவாசம். போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு அரசனால் காவலில் வைக்கப்பட்டார். அடிகளார் மனம் சோரவில்லை. சிறையையே பள்ளியாக்கிச் சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் எளிய குடிலொன்றை அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரும் கைவிட்டு ஓடிய நோயாளிகளை அடிகளார் தேடிச் சென்று, அவர்களுடைய புண்களைக் கழுவி, உணவூட்டினார். சமயம் பார்க்கவில்லை. ஆதரவின்றி இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே இறைபதம் அடைந்தார். எத்தனையோ பேருக்குக் குழி தோண்டிய அவருக்கு இன்று நாம் காணக்கூடிய கல்லறை இல்லை!

இறைமக்களை வழிநடத்திய மோசேயின் கல்லறையையும் எவரும் அறியார் என இணைச்சட்ட நூல் கூறுகிறது. வாரத்தின் முதல் நாள் விடியற்காலையில் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்குச் சென்ற பெண்கள், எதிர்பார்த்த உடலைக் காணாது திகைத்தனர். ஆயினும் அந்த வெறுமையிலிருந்துதான் உயிர்ப்பின் நற்செய்தி புறப்பட்டது. 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியபோது திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் விசுவாசமே அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் அன்றோ?

அன்று அந்தத் தாய் ஆலயத்தில் அமர்ந்து செபமாலை சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். சில மாதங்களில் அவருடைய கணவர் இறைவனடி சேர்ந்தார். பின்னர் சந்தித்தபோது அவர் கூறினார்: “கல்லறையைத் தொடத்தான் வந்தேன், சுவாமி. வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது, நான் தொட வேண்டியவர் கட்டிலில் கிடந்தார் என்று. கடைசி நாள்வரை முகஞ்சுளிக்காமல் அவருக்குப் பணிவிடை செய்தேன்.”

நாம் தேடிச் செல்லும் இடங்கள் சில வேளைகளில் நம்மை வெறுங்கையராய்த் திருப்பி அனுப்பலாம். அங்கு காணாத ஆண்டவர், நம் வீட்டு நோயாளியின் அருகில் நமக்காகக் காத்திருக்கக்கூடும்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் எதிர்பார்ப்புகள் பொய்க்கும்போது மனம் தளராதிருக்கவும், நீர் காட்டும் பணியை அன்போடு ஏற்கவும், புனித யோசேப்பு வாஸ் வழியாக எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.