நூலகத்தின் முதற் கதவு

எழுத்தைக் கண்ணென்று போற்றும் மரபு நம்முடையது. பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம்மவர், சென்று தங்கிய ஊர்தோறும் ஒரு சங்கம் கண்டனர்; சங்கத்தின் மூலையில் நூல் நிறைந்த அலமாரி ஒன்றையும் வைத்தனர். அத்திபெலேயிலிருந்து தமிழக எல்லை கூப்பிடு தொலைவுதான். எனினும், தொழிற்சாலை வேலைக்கெனக் குடும்பத்துடன் இங்குக் குடியேறியவர்க்கு, ஆழ்ந்த தமிழ் நூலொன்று வேண்டுமாயின் அதற்குரிய இடம் பெருநூலகங்களும் பல்கலைக்கழக நூலகங்களுமே ஆகும். அந்நூலகங்களின் கதவு இன்று எங்கே இருக்கின்றது, அஃது எல்லார்க்கும் திறக்கின்றதா என்பவற்றை அன்பர்களோடு கலந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டைப் பெட்டியிலிருந்து இணையத்திற்கு

முன்னாளில் நூலகத்துள் நுழைந்ததும் சிறு சிறு இழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டிகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வோர் இழுப்பறையிலும் நூலுக்கு ஓர் அட்டையாக அகரவரிசையில் அடுக்கியிருப்பர். அட்டையைக் கண்டால்தான் நூலைக் காணலாம். இன்று அப்பெட்டிகள் மூலைக்குச் சென்றுவிட்டன. அட்டைகள் இணையத்தில் ஏறிவிட்டன. நியூசிலாந்து நாட்டின் ஹோரோவெனுவா வட்டார நூலகங்களுக்காக ஆக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு சனவரியில் இயங்கத் தொடங்கிய ‘கோகா’ என்னும் மென்பொருளை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இன்று கையாளுகின்றன. குசராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடுவம் ‘சோல்’ என்னும் மென்பொருளை ஆக்கித் தந்துள்ளது. ஆகவே, நூலகத்தின் முதற் கதவு கட்டடத்தின் வாயிலன்று. இணையத்தில் உள்ள தேடற் பக்கமே முதற் கதவு.

இம்மாற்றத்தால் மிகுந்த பயன் பெற வேண்டியவர் யாவர்? படியேற இயலாதவர், பேருந்தில் நெருக்குண்டு செல்ல முடியாதவர், அட்டையைக் கண்ணால் படிக்க இயலாதவர் ஆகியோரே அல்லரோ! வீட்டிலிருந்தே தேடலாம் என்னும் வசதி மற்றவர்க்கு நேரத்தை மிச்சப்படுத்தும். இவர்க்கோ கல்வியையே தரும்.

நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் பயிலப்படுகின்றன. வாசகர் யாவராயினும் அவர்க்கேற்ற நூல் அவரைச் சென்றடைய வேண்டும் என்பதும், தேடுவதில் அவர் பொழுது வீணாகலாகாது என்பதும் அவற்றின் சாரமாகும். 1962-இல் ஆவணவியல் ஆய்வு பயிற்சி நடுவத்தை அவர் நிறுவியது நம் பெங்களூருவிலேதான். 1972-இல் மறைந்ததும் இந்நகரிலேதான். நம்மைப் போல் தமிழகத்திலிருந்து வந்து இங்கு வாழ்ந்த அப்பெரியார் வகுத்த அளவுகோலைக் கொண்டே இன்றைய தேடற் பக்கங்களை அளந்து பார்ப்போம்.

காதால் படிப்போர்

பார்வையற்றவர் கணிப்பொறியை எங்ஙனம் கையாளுவார் எனச் சிலர் வியப்பர். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆத்திரேலியரான மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-ஆம் ஆண்டு தொடங்கி, ஜேம்ஸ் டே என்னும் பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்த ‘என்விடிஏ’ உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழையும் படிக்கின்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘டாக்பேக்’ என்பது உள்ளேயே அமைந்துள்ளது. பார்வையற்றவர்க்குச் சுட்டியால் பயனில்லை. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் இடமாக நகர்வார். அவ்விடத்தின் பெயரைக் குரல் சொல்லும்.

புகைவண்டி நிலையத்தில் எழுத்தனாகப் பணியாற்றும் எனக்கு இதனை ஒலிபெருக்கி அறிவிப்போடு ஒப்பிடத் தோன்றுகின்றது. வண்டியின் எண், பெயர், நடைமேடை ஆகிய மூன்றும் முறையாக அறிவிக்கப்படுமாயின் பார்வையற்ற பயணியும் தம் வண்டியை அடைந்துவிடுவார். ‘ஒரு வண்டி ஒரு நடைமேடைக்கு வருகின்றது’ என்று மட்டும் அறிவித்தால் அவர் என் செய்வார்? பல தேடற் பக்கங்கள் இவ்வாறே அறிவிக்கின்றன.

எங்கள் குடியிருப்பைச் சார்ந்த இளைஞர் ஒருவர் பார்வையற்றவர். தமிழ் முதுகலை பயில்பவர். ஒரு ஞாயிறன்று என் இல்லத்தில் அமர்ந்து, நாட்டுப்புறப் பாடல் பற்றிய நூல்களை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடினார். அந்நூலகத்தின் பெயர் இங்கு வேண்டா. குரல் ‘எழுதுமிடம்’ என்றது; எதனை எழுதுவது என்று சொல்லவில்லை. அடுத்து ‘பொத்தான்’ என்றது. எதற்கான பொத்தான் என்று சொல்லவில்லை. ஒருவாறு ஊகித்துத் தமிழில் தட்டச்சிட்டார். விடை ஏதுமில்லை. அவர் அமைதியாகச் சொன்னார்: “அண்ணா, புத்தகம் இல்லையென்றால் வேறிடம் பார்ப்பேன். இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாவிட்டால் நான் எங்கே போவது?”

பின்னர் யான் கண்ணால் தேடினேன். நூல்கள் இருந்தன. ஆனால், தலைப்புகள் யாவும் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருந்தன. ஒன்றில் நெடிலுக்கு ஓர் எழுத்து, மற்றொன்றில் இரண்டு. ஒன்றில் வல்லினம் ஒற்றை, மற்றொன்றில் இரட்டை. ஒரே சொல் மூன்று கோலத்தில் நின்றது. கண்ணுள்ள எனக்கே அஃது ஒரு மணி நேர வேலை!

குறை எங்கே?

அவ்விளைஞரின் இடர் அவர் ஒருவரது இடரன்று. அதனைப் பகுத்துப் பார்த்தால் நான்கு காரணங்கள் புலப்படும்.

முதலாவது, பெயரிடாமை. எழுதுமிடத்திற்கும் பொத்தானுக்கும் படத்திற்கும் உள்ளே பெயர் எழுதிவைத்தால் திரைவாசிப்பான் அதனைப் படிக்கும். எழுதாவிடில் அஃது ஊமையாகும். கோணல்மாணலான எழுத்துகளைப் படத்திற் காட்டி ‘நீர் மனிதரா?’ என்று வினவும் சோதனையும் இவ்வகையினதே. ஒலிவழிச் சோதனையும் உடன் இல்லையாயின் பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இரண்டாவது, தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிவது. கணிப்பொறி தமிழை ஏற்காத காலத்தில் அதற்கொரு காரணம் இருந்தது. இன்று அக்காரணம் இல்லை. பழைய பதிவுகள் மட்டும் மாறாமல் நிற்கின்றன. தமிழிற் கேட்டால் விடை வாராது. வந்த விடையையும் ஆங்கிலக் குரல் படிக்குங்கால் நம் நூலின் பெயர் நமக்கே விளங்காது.

மூன்றாவது, பழைய எழுத்துருக்கள். ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால், கணிப்பொறி உள்ளே பதிந்துகொள்வது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்பதையே. கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தோன்றும். காதுக்கு ஜே, கே, பி, ஓ! தமிழ் என்னும் சொல்லே தமிழாக ஒலிக்காத இவ்வவலம் ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் இல்லை. 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. எனினும் அச்சகங்களும் அலுவலகங்களும் பழைய எழுத்துருவை முற்றும் கைவிட்டபாடில்லை.

நான்காவது, நூலை நிழற்படமாக மட்டும் ஏற்றிவைப்பது. தேடிக் கண்டடைந்த நூலைத் திறந்தால் பக்கத்தின் படம் இருக்குமேயன்றி எழுத்து இராது. படத்தைத் திரைவாசிப்பான் படியாது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ‘சோத்கங்கா’ போன்ற களஞ்சியங்களிலும், படமாகவோ பழைய எழுத்துருவிலோ ஏறிய தமிழ் ஏடுகளால் பார்வையற்ற மாணவர்க்குப் பயனில்லை.

பார்வையற்றவர் மட்டுமே அல்லலுறுகின்றனர் என்று கருதற்க. கை நடுங்குபவரால் சுட்டியை நுண்ணிய இடத்தில் நிறுத்த இயலாது. விசைப்பலகையாலேயே எல்லாம் முடிய வேண்டும். மங்கிய பார்வையுடையவர்க்கு எழுத்து பெரிதாக வேண்டும். வண்ண வேறுபாடு தெளிவாக வேண்டும். இவை முதுமை எய்தும் நம் ஒவ்வொருவர்க்கும் ஒருநாள் தேவைப்படுபவையே.

சட்டம் என்ன சொல்கின்றது?

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவருள் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், இவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றித் தர இடமளித்தது. அச்சு நூலைப் படிக்க இயலாதோர்க்காக 2013-இல் மராக்கேஷ் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை கண்டன. அதனை 2014-இல் எல்லா நாடுகளுக்கும் முன்னதாக உறுதிசெய்த பெருமை இந்தியாவினுடையது.

2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர்கல்வி நிறுவனங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கின்றது. தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்டும்படி அமைய வேண்டும் என்றும் சொல்கின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்வழிச் சேவைகளை எட்டும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. இணையப் பக்கங்களை எங்ஙனம் அமைப்பது என்பதற்கும் 1999 முதலே பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் உள்ளன. சட்டமும் நெறியும் குறைவுபடவில்லை. அவற்றைத் தேடற் பக்கம் வரை கொண்டு செல்லும் கைகளே குறைவுபடுகின்றன. இடத்தை ஒதுக்கி மாணவரை உள்ளே அழைத்துவிட்டு, நூலைத் தேடும் வழியை அடைத்து வைப்பது அறமாகுமா?

செய்து காட்டியோர்

மனமிருந்தால் செய்யலாம் என்பதற்குச் சான்றுகள் பல. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் பரந்து வாழும் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சிட்டனர். படமாக அன்றி எழுத்தாக அமைந்தமையால் அந்நூல்கள் இன்று பார்வையற்றவர் காதிலும் ஒலிக்கின்றன. அதனைத் தொடங்கி நடத்திய முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த தமிழர் என்பது, புலம்பெயர்ந்த நமக்கு ஊக்கமளிக்கும் செய்தியன்றோ!

நம் பெங்களூருவிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணனும் அவர்தம் மாணவரும், அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளையும், எழுத்தைத் தமிழ்க் குரலாக்கும் மென்பொருளையும் உருவாக்கினர். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம், பார்வையற்றோர்க்கான பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே அமைத்தது. 2016 ஆகத்து 24 அன்று தொடங்கப்பெற்ற ‘சுகம்யா புத்தகாலயா’ என்னும் இணைய நூலகத்தில், அச்சு நூலைப் படிக்க இயலாதோர் உறுப்பினராகிப் பல மொழி நூல்களைத் தேடிப் பெறலாம். பார்வையற்றோரை மனத்திற்கொண்டே அமைந்த தேடற் பக்கம் அது.

நாம் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் பெரியோர் செய்வர் என்று நாம் வாளா இருத்தல் தகாது. நம் கைக்கு எட்டிய பணிகள் சில உள.

நம் சங்க இதழும் ஆண்டுமலரும் அச்சுக்குப் போகுமுன் ஒருங்குறியிலேயே தட்டச்சாக வேண்டும். அச்சகத்தார் பழைய எழுத்துருவே வசதி என்பர், நாம் இணங்கலாகாது. நம் நூலக அலமாரியில் உள்ள நூல்களின் பட்டியலைத் தமிழ் எழுத்திலேயே பதிந்து, உறுப்பினர் யாவரும் கைப்பேசியிற் கேட்கும்படி செய்ய வேண்டும்.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கப் படமும், பொறி மாற்றித் தந்த எழுத்தும் அருகருகே உள்ளன. பொறி செய்த பிழைகளைத் திருத்துவோர் வேண்டும். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் வாரம் ஒரு பக்கம் திருத்தினால், பார்வையற்ற ஒருவர்க்கு ஒரு பக்கம் கிட்டும். பிள்ளைக்குத் தமிழும் கிட்டும்.

நம் குடும்பங்களில் பார்வைக் குறைபாடு உடையோர் இருப்பின், ஊனச் சான்றும் அதற்குரிய அடையாள அட்டையும் பெற்று மேற்சொன்ன நூலகத்தில் உறுப்பினராக உதவுக. நூலகமொன்றின் தேடற் பக்கம் அவர்க்குப் பயன்படாதிருப்பின், எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் குரல் நின்றது என்பதைக் குறித்து நூலகருக்கு மரியாதையுடன் மடல் எழுதுக. ‘உங்கள் பக்கம் சரியில்லை’ என்னும் மடலைவிட, ‘தேடற் பொத்தானுக்குப் பெயரில்லை’ என்னும் மடல் விரைவிற் பயன் தரும்.

நூல் கையில் கிடைப்பது இரண்டாவது படி. அஃது இருக்கின்றது என்று பிறர் துணையின்றித் தாமே அறிவது முதற்படி. அம்முதற்படியைக் கண்ணுள்ளவர் ஒரு நொடியிற் கடந்துவிடுகின்றோம். ஆகவே அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. அடுத்த இதழுக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள் அதனை ஒருங்குறியில் அனுப்பி இப்பணியைத் தொடங்கி வைப்பார்களாக.