டிராக்டரின் கூலண்டை வீட்டில் மாற்றலாமா, பட்டறையில் மாற்றலாமா?

சேற்றுழவுக்கு வயலில் தண்ணீர் கட்டிய நாளில் டிராக்டர் கொதித்து நின்றுவிட்டால், இழப்பு பட்டறைச் செலவோடு முடிவதில்லை. நாற்று முற்றிவிடும். நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். பருவமும் தவறும். இவ்வாறு நிற்கும் டிராக்டர்கள் பலவற்றில் குறை ரேடியேட்டர் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை உரிய காலத்தில் மாற்றும் வேலையில் எதை உழவரே செய்து கொள்ளலாம், எதற்குப் பட்டறையை நாட வேண்டும் என்பதை இங்கே காண்போம். காற்றால் குளிரும் இன்ஜின்களுக்கு இது பொருந்தாது.

வெறும் தண்ணீர் ஏன் ஆகாது?

இன்ஜினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குளிர்விப்பு நீர் வழியாகவே வெளியேறுகிறது. அந்த நீர் கிணற்று நீராக இருந்தால் என்ன ஆகும்? சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ள உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொட்டுவானின் வாயை அடைக்கும் அதே சுண்ணாம்புப் படிவுதான் ரேடியேட்டர் குழாய்களிலும் சிலிண்டரின் வெளிச் சுவரிலும் படிகிறது. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் இன்ஜின் சூடேறும்.

கூலண்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவமும் துருத் தடுப்பு மருந்துகளும் சேர்ந்ததாகும். இதைக் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதியாகக் கலந்தால் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிநிலை ஏறத்தாழ 107 டிகிரி செல்சியசாக உயரும். உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிக்குத் தாழும். சமவெளியில் நமக்குப் பயன்படுபவை கொதிநிலை உயர்வும் துருத் தடுப்புமே. உறைபனி விழும் நீலகிரி போன்ற இடங்களில் மற்றதும் தேவைப்படும்.

துருத் தடுப்பு மருந்துகள் நாளடைவில் தீர்ந்துவிடும். பழைய வகைக் கூலண்டைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், கரிம அமில வகை நீண்டகாலக் கூலண்டை 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மாற்றுவது வழக்கம். எனினும் உங்கள் டிராக்டரின் கைப்புத்தகத்தில் உள்ளதே இறுதியானது. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் சேர்க்கிறது. இரு வகைகளைக் கலக்கவும் கூடாது.

வீட்டில் மாற்றும் முறை

1. இன்ஜின் முழுவதும் ஆறிய பின்னரே மூடியைத் தொட வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதால் சூடான நிலையில் திறந்தவுடன் கொதிநீர் பீறிட்டு அடிக்கும். மாணவப் பருவத்தில் நான் அவசரப்பட்டுத் திறந்ததன் வடு இன்றும் என் முன்கையில் உள்ளது.

2. ரேடியேட்டரின் அடியிலும் இன்ஜின் பக்கவாட்டிலும் உள்ள வடிகால் திருகுகளைத் திறந்து, பழைய நீரை அகன்ற பாத்திரத்தில் பிடிக்கவும்.

3. திருகுகளை மூடி, நல்ல நீர் நிரப்பி, மேல் ஹோஸ் குழாய் சூடாகும் வரை இன்ஜினை ஓட்டவும். அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்து நீர் முழுச் சுற்று வரும். ஆறிய பின் வடிக்கவும். தெளிந்த நீர் வரும் வரை இதைத் திரும்பச் செய்யவும். கடைசி முறை காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தவும்.

4. ஹோஸ், கிளிப், மூடியின் ரப்பர் ஆகியவற்றைச் சோதித்து, வெடிப்பு இருந்தால் மாற்றவும். ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த வைக்கோல் துகளையும் தூசியையும் நீக்கவும்.

5. புதிய கூலண்டை மெதுவாக ஊற்றவும். மூடியைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் மிதமான வேகத்தில் ஓட்டினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். மட்டம் குறைந்தால் நிரப்பி மூடவும். மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பார்க்கவும்.

அளவில் ஏற்படும் தவறு

பலர் தவறுவது இங்கேதான். மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்று கொள்வோம். வடித்தபோது 7 லிட்டரே வந்தது என்றால், கழுவிய நீர் 3 லிட்டர் உள்ளேயே தங்கியிருக்கிறது. சரிபாதியாகக் கலந்த கூலண்டை 7 லிட்டர் ஊற்றினால், அதில் கூலண்ட் 3.5 லிட்டர்தான், அதாவது 35 சதவீதமே. எனவே முதலில் அடர் கூலண்ட் 5 லிட்டரும், பின்னர் காய்ச்சி வடித்த நீர் 2 லிட்டரும் ஊற்ற வேண்டும். கலந்தே விற்கப்படும் கூலண்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அதைப் பயன்படுத்துவோர் கழுவிய நீரை முழுவதுமாக வடிக்க வேண்டும்.

பட்டறைக்கு எப்போது செல்வது?

கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வேலை போதாது.

- இன்ஜின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாக இருத்தல், அல்லது ரேடியேட்டரில் எண்ணெய் மிதத்தல்.
- காற்று வெளியேறிய பின்னும் ரேடியேட்டரில் ஓயாது குமிழி வருதல். இவ்விரண்டும் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் பழுதைக் காட்டும்.
- வெளியே கசிவு தெரியாமல் மட்டம் அடிக்கடி குறைதல்.
- வாட்டர் பம்பில் கசிவு அல்லது இரைச்சல்.
- கெட்டியான சுண்ணாம்புப் படிவு.

சொட்டுநீர்க் குழாயைக் கழுவும் அமிலத்தைச் சிலர் ரேடியேட்டரிலும் ஊற்றுகின்றனர். அது அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். படிவு நீக்கத்தைப் பட்டறையில் விட்டுவிடுவதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத டிராக்டரையும் பட்டறையில் காட்டி, வேலை நடந்ததற்கான ரசீது பெற்றுக் கொள்ளவும். பட்டறையில் மாற்றும்போதும் எந்த வகைக் கூலண்ட், எத்தனை லிட்டர், இன்ஜின் பக்க நீரும் வடிக்கப்பட்டதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

கன்று காலிகள் கவனம்

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் சிந்தியதை நாயும் கன்றும் நக்கிவிடும். சிறு குழந்தையும் வாயில் வைக்கலாம். சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து நேரும். உட்கொண்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ செல்ல வேண்டும். சிந்தியதை மண் தூவி அள்ளவும். வடித்த கூலண்டை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள கேனில் பெயர் எழுதி வைத்து, கழிவுக் கூலண்டைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்கவும். கழிவைச் சேர்த்து வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இந்த ஒரு காரணத்திற்காகவே பட்டறை ஏற்றது.

ஆக, பழுதில்லாத இன்ஜினில் காலக்கெடுப்படி மாற்றும் வேலையை அரை நாளில் வீட்டிலேயே முடிக்கலாம். பழுதின் அறிகுறி இருந்தால் பட்டறையே சிறந்தது. எதுவாயினும் அறுவடை முடிந்து டிராக்டர் ஓய்ந்திருக்கும் நாட்களில் செய்து, தேதியையும் ஓடிய மணியையும் குறித்து வைத்தால், பருவத்தில் டிராக்டர் நிற்காமல் உழுது பயன் பெறலாம்.