நெருப்பின்றிச் சுடும் புண்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உலர்த்தும் அடுப்பின் வெம்மையைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். அங்கே நெருப்பு கண்ணுக்குத் தெரியும். கை தானாக விலகும். ஆனால், வேலை தேடி மலையிறங்கிச் செல்லும் இளைஞர் பலருக்கு, நெருப்பின்றியே சுடும் இரசாயனப் பொருள்களின் நடுவே உழைக்க நேர்கிறது. அவற்றின் இயல்பை அறிதல் உயிர்காக்கும் கல்வியாகும்.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஹொரணையிலுள்ள இறப்பர்த் தொழிற்சாலையொன்றில் தொழிலாளி ஒருவர் அமோனியாத் தாங்கியினுள் விழுந்தார். அவரைக் காக்க விரைந்தோரும் ஆபத்திற் சிக்கினர். விழுந்தவர் ஒருவர், மாண்டவர் ஐவர்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? இறப்பர்ப் பால் உறையாதிருத்தற்பொருட்டு அமோனியா சேர்ப்பது வழக்கம். இவ்வாயு ஈரத்திற் கரைந்து கடுங்காரமாகும். கண், தொண்டை, வியர்த்த தோல் யாவும் ஈரமுடையன. ஆதலின் அங்கெல்லாம் அது சுடும். அமிலம் பெரும்பாலும் தோற்புறத்தை உறையச் செய்து, அவ்வுறைவினாலேயே தடைப்படும். காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்து, மேன்மேலும் உட்செல்லும். தொண்டை வீங்கினால் மூச்சடைக்கும். காக்கப் புகுந்தவரும் வீழ்வது இதனாலேயே.

ஆகவே, மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் இன்றி எவரும் தாங்கியில் இறங்கலாகாது. கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பற்றியிருத்தல் வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இத்தகைய காவல்களையும், தாங்கிகளுக்கு மூடியோ வேலியோ அமைத்தலையும் தொழில் நடத்துவோரின் கடமையாக்கியுள்ளது.

வெளியே மீட்கப்பட்டவருக்கு முதல் மருந்து தண்ணீரே. நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரால் 20 நிமிடத்துக்குக் குறையாது கழுவுக. கண்ணையும் அவ்வாறே கழுவுக. எண்ணெய், பற்பசை பூசற்க. காரத்தை முறிக்கத் தேசிக்காய்ச் சாறு ஊற்றுவதும் தவறு. அச்சேர்க்கையே வெப்பத்தைப் பிறப்பிக்கும். உடனே 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை அழைக்கலாம்.

துணைவனைக் காக்கத் தாவுவது பேதைமையன்று, மனிதப் பண்பு. அப்பண்புக்கு உயிரை விலையாகக் கொடுக்கும்படி விடுவதே குற்றம். வேலையில் அமரும் முதல் நாளிலேயே ஒவ்வொருவரும் மூன்றை வினவுக: தாங்கியில் இருப்பது யாது? தண்ணீர்க் குழாய் எங்கே? கயிறு எங்கே? இவ்வினாக்களுக்கு விடையில்லாத தொழிற்சாலையில், விபத்து நேருமுன்பே ஆபத்து குடியேறிவிட்டது.