வீட்டுக்குள் ஒரு முகவரிப் புத்தகம்

தம்பியின் கைத்தொலைபேசியில் சூதாட்ட விளம்பரங்கள் ஓயாமல் வந்தன. அதற்காகப் பழைய கணினியில் பை-ஹோல் மென்பொருளை நிறுவினேன். இந்த டிஎன்எஸ் சேவையகம் இணையப் பெயர்களுக்கு எண் முகவரி சொல்லும். விளம்பரத் தளங்களுக்கு மட்டும் வெற்று முகவரி தரும்.

கணினிக்கு 192.168.1.10 என்ற நிலையான முகவரி கொடுத்து, ரௌட்டரின் டிஎச்சிபி பகுதியில் அதையே டிஎன்எஸ்ஸாகப் பதிந்தேன். மடிக்கணினி கீழ்ப்படிந்தது, கைத்தொலைபேசி மட்டும் மறுத்தது!

காரணங்கள் இரண்டு. ஆண்ட்ராய்டு 9 (2018) முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் வெளிச் சேவையகத்தின் பெயர் இருந்தது; அதை நிறுத்தினேன். ரௌட்டரின் இரண்டாம் டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 இருந்தது. அது வெறும் மாற்று ஆட்டக்காரர் அன்று. தொலைபேசி இரண்டில் எதையும் கேட்கலாம். அதையும் அழித்தேன். வைஃபையை அணைத்து மீண்டும் இணைத்ததும் பெரும்பாலான விளம்பரங்கள் மறைந்தன.

நண்பர்களே, வாசலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்தக் காவல் இல்லை. ஆகவே தம்பியிடம் உட்கார்ந்து பேசவும் செய்தேன்.